அம்புப் பாம்பு பார்க்கப் போனவர்

பாம்பு பாறைமேல் கண்ணை மூடிக்கொண்டு வெயில் காய்ந்தது என்று சொன்ன இடத்தில்தான் சுயுன் மாட்டிக்கொண்டார்.

அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நீளம் சொன்னார், நிறம் சொன்னார், பாறைக்குப் பக்கத்தில் காட்டுப் பிஸ்தா மரம் ஒன்று நின்றதைக்கூடச் சொன்னார். படுக்கையில் சாய்ந்திருந்த மனைவி ஓய்னிசா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கண்ணை மூடியிருந்துச்சா?"

"நல்லா மூடியிருந்துச்சு. அசந்து தூக்கம்."

"பாம்புக்கு இமையே கிடையாதுங்க," என்றாள் அவள். "எந்த டீக்கடையில படுத்திருந்துச்சு?"

சுயுன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். பஜார் முனையிலிருக்கும் டீக்கடையைத் தாண்டி அவர் ஓர் அடிகூடப் போயிருக்கவில்லை.

நூரோத்தா ஊரில் முடிவெட்டியே வயதானவர் அவர். பாம்பு என்ற சொல்லைக் கேட்டாலே கத்தரிக்கோல் நழுவும். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவி, சோவியத் காலத்தில் அரசாங்கப் பாம்புப் பண்ணையில் வேலை பார்த்தவள். கொக்கியும் சாக்குமாக மலைக்குப் போய், விஷம் எடுக்கப் பாம்பு பிடித்து வந்தவள். கல்யாணத்தின்போது சுயுன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: வாசலுக்கு உள்ளே பாம்பும் வரக்கூடாது, பாம்புப் பேச்சும் வரக்கூடாது. பண்ணை மூடப்பட்ட பிறகும் ஓய்னிசா அந்த வாக்கை மீறவில்லை.

இப்போது அவளுக்கு இடுப்பெலும்பில் புற்று. சமர்கந்து ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இடுப்பில் ஆறாத புண். தினமும் காலையில் நர்ஸ் மவ்ஜூதா வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். அது முடிந்த பிறகுதான் சுயுன் கடை திறக்கப் போவார். எதையும் கேட்டுப் பழக்கமில்லாத ஓய்னிசா, மலையடிவாரத்தில் சிவப்புப் பூ பூக்கத் தொடங்கிய வாரத்தில் வாயைத் திறந்து ஒன்று கேட்டாள். அம்புப் பாம்பை இன்னொரு முறை பார்க்க வேண்டும். மெலிந்தது, மனுஷனை ஒன்றும் செய்யாதது. தன்னால் நடக்க முடியாது.

"என் கண்ணுக்குப் பதிலா உங்க கண்ணு போயிட்டு வரட்டும். பார்த்துட்டு வந்து சொல்லுங்க, போதும்."

எந்தப் புருஷன் இதற்கு மாட்டேன் என்பான்? சுயுன் சரி என்றார். சரி என்றவர்தான் டீக்கடைக்குப் போனார்.

குட்டு வெளிப்பட்ட பிறகு தப்பிக்க வழியில்லை. ஓய்னிசா படுத்தபடியே பாடம் எடுத்தாள். பூட்ஸ் போட வேண்டும். கண் போகாத இடத்தில் கை போகக்கூடாது. கல்லைத் தன் பக்கமாகச் சாய்த்துத் தூக்க வேண்டும், அப்போதுதான் நடுவில் கல் மறைப்பாக நிற்கும். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைக்க வேண்டும், அதுவும் ஒரு குடும்பத்தின் வீடு. முக்கியமாக, வெயில் ஏறும்போது போய், மதியத் தொழுகைக்குப் பிறகே திரும்ப வேண்டும். அம்புப் பாம்பு நடமாடும் நேரம் அதுதான்.

சுயுன் கடையைத் திறக்காமல் காலையிலேயே மலைச்சரிவுக்குப் போனார். முதல் கல்லுக்கு அடியில் தேள். இரண்டாவது கல்லைத் தூக்க நெடுநேரம் மனசு வரவில்லை. ஒருவழியாகப் புதருக்கு அருகே முழங்கை மொத்தத்தில் பழுப்பாக ஒன்று கிடந்ததைப் பார்த்தார். அது தலையைத் திருப்பி அவரைப் பார்த்து, நிதானமாகக் கண்ணை மூடித் திறந்தது. சுயுன் ஓடினார். விழுந்ததில் கால்சட்டை முழங்காலில் கிழிந்தது.

வீட்டுக்கு வந்து சத்தியமாக நடந்ததை அப்படியே சொன்னார், கண்ணை மூடித் திறந்தது உட்பட.

"அது பாம்பு இல்லீங்க," என்றாள் ஓய்னிசா. "காலில்லாத பல்லி."

"பொய் சொன்னாலும் பிடிக்கிறே. நிஜத்தைச் சொன்னா பல்லிங்கறே."

அவள் சிரித்தாள். நோய் வந்தபிறகு அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிப்பு பாதியிலேயே வேறு எதுவோ ஆகி, போர்வை நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். சுயுன் எழுந்து தேநீர் போடப் போனார்.

நாட்கள் போயின. அவருக்கு ஆமைகள் கிடைத்தன, ஓணான்கள் கிடைத்தன, பாம்பு உரித்துப்போட்ட சட்டைகூடக் கிடைத்தது. அம்புப் பாம்பு மட்டும் கிடைக்கவில்லை. அவள் முகமோ நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே வந்தது. அவளுக்கு நாள் இருக்கும்போதே காரியத்தை முடிக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் சுயுன் ஒரு யோசனை செய்தார். வர்ணித்தால்தானே வம்பு, ஏதாவது ஒரு பாம்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்டிவிட்டால்?

அன்று மணலில் குட்டையாக, மழுங்கின வாலோடு ஒரு மண்ணுளிப் பாம்பு கண்ணில் பட்டது. அது விஷமில்லாதது என்று அதற்குள் கற்றிருந்தார். கடையில் வாடிக்கையாளர் கழுத்தில் கட்டும் வெள்ளைத் துணியை மேலே போட்டு, வாய்க்குள் கலிமா சொல்லிக்கொண்டே மூட்டை கட்டினார். வெயில் உச்சிக்கு வருவதற்கு வெகு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார்.

முற்றத்தில் கால் வைத்தபோது மூட்டை கனமில்லாமல் இருந்தது. அதே நேரம் பக்கத்து வீட்டுக் கோழிகள் அலறின. அந்த வீட்டுத் துரோப் மண்வெட்டியோடு வேலியைத் தாண்டி வந்து தன் கோழிகளைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கத்தினான். சுயுன் அது சாதுவான பிராணி என்று விளக்கி முடிப்பதற்குள் மண்வெட்டி இறங்கிவிட்டது. சத்தம் கேட்டு மவ்ஜூதா அறைக் கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே வராதீங்க அண்ணே, அங்கேயே நில்லுங்க என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

பிறகு ஓய்னிசா பாம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏன் சீக்கிரம் வந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். அவள் அப்படிக் கோபப்பட்டு அவர் கண்டதில்லை. செத்த பாம்புக்காகத்தான் என்று நினைத்துத் தலைகுனிந்து நின்றார்.

மறுநாளே பஜார் முழுக்க, பாம்பு சுற்றிய துணியைத்தான் சுயுன் நம் கழுத்தில் கட்டுகிறான் என்று துரோப் பரப்பிவிட்டான். கடை நாற்காலியில் ஈ உட்கார்ந்தது. போகட்டும், இனி நாள் முழுக்க மலைதான் என்று சுயுன் கிளம்பினார்.

அப்படி ஒரு காலையில் அதைப் பார்த்தார். சக்சாவுல் புதரின் கிளையில், பென்சில் மொத்தத்தில், மணல் நிறத்தில், உடல் நெடுக நான்கு கோடுகளோடு, தலையை மட்டும் காற்றில் நிமிர்த்திக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து கண் வழியாக ஒரு கருங்கோடு. சுயுன் ஓடவில்லை. பயம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. நல்லா இருக்கேடா நீ, என்று மெல்லச் சொன்னார். அடுத்த நொடி கிளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சொன்னபடி மதியத்துக்குப் பிறகே வீட்டுக்கு வந்து, ஒரு கோடு விடாமல் சொன்னார். ஓய்னிசா கண்ணை மூடிக் கேட்டாள். இமையோரம் ஈரம் கசிந்தது. கோடுகள் எத்தனை என்று இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னார்.

"இது அது இல்லீங்க," என்றாள். "நாளைக்கும் போய்ப் பாருங்க."

சுயுன் சாப்பிடவில்லை.

விடிந்ததும் பூட்ஸைத் தூக்கி மூலையில் எறிந்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பையோடு வந்த மவ்ஜூதாவிடம் பொருமித் தீர்த்தார். இனி எந்த மலைக்கும் போவதாக இல்லை. அவளுக்குக் கடைசியாக ஓர் ஆசை, அதைக்கூட நிறைவேற்றத் தெரியாத புருஷன் நான். இன்றிலிருந்து நாள் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காரப் போகிறேன், அதையாவது ஒழுங்காகச் செய்கிறேன் என்றார்.

மவ்ஜூதா பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே கேட்கக்கூடாதென்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போயிட்டு வாங்கண்ணே. நீங்க வீட்ல இருந்தா, கட்டுப் பிரிக்கும்போது அக்காவால வாய்விட்டுக் கத்தக்கூட முடியாது."