ஆப் ஆம்ப் சாரின் அபாயச் சங்கு

தென்சென்னைப் புறநகரில் மனித உருவில் நடமாடும் ஒரே மின்னணுச் சில்லு எங்கள் ஆப் ஆம்ப் சார்தான் என்பதை எந்த மேடையில் ஏறியும் சொல்ல நான் தயார். சிட்லபாக்கத்தில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் முதல் தளத்தில் அவர் தனியாக வசிக்கிறார். பாலிடெக்னிக் ஒன்றில் மின்னணு ஆய்வகத்தைக் கவனிக்கிறார். அவருடைய இயற்பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

ஆப் ஆம்ப் என்பது நகத்தளவே உள்ள ஓர் ஆம்ப்ளிஃபையர் சில்லு. அதற்கு இரண்டு காதுகள், ஒரு வாய். இரு காதிலும் ஒரே செய்தி விழுந்தால் வாய் திறக்காது. இம்மியளவு வேறுபாடு வந்தால் போதும், அந்த வேறுபாட்டை மட்டும் லட்சம் மடங்காக்கி, மின்சாரம் அனுமதிக்கும் எல்லைவரை கத்தித் தீர்க்கும். கத்தலில் ஒரு பங்கைத் திருப்பி அதன் காதிலேயே விட்டால்தான் நிதானத்துக்கு வரும்; அதற்குப் பெயர் ஃபீட்பேக்.

சாரும் அப்படித்தான். தாம்பரம் ரயில் நிலையத்தில் வண்டி எவ்வளவு தாமதமானாலும் சிலைபோல் நிற்பார். ஒருநாள் இரண்டு கடிகாரங்கள் ஒரு நிமிடம் முரண்பட்டன. "எது கரெக்ட்டு?" என்று அவர் எழுப்பிய முழக்கத்தில், வண்டி வேறு நடைமேடைக்கு மாறிவிட்டதென்று நம்பி பாதிக் கூட்டம் படியேறி ஓடியது.

"எனக்கு ஃபீட்பேக் குடுக்க வீட்ல ஆள் இல்ல சார். அதான் ஃபுல் வால்யூம்ல போயிடுது" என்று பின்னர் வருத்தத்தோடு விளக்கினார்.

தரைத்தளத்தில் தையல் வேலை செய்யும் மும்தாஜ் அக்காவும், படுக்கையைவிட்டு எழ முடியாத அவருடைய அம்மாவும் குடியிருக்கிறார்கள். பெருமழையில் ஏரித் தண்ணீர் முதலில் நுழைவது அவர்கள் வீட்டில்தான். ஆகவே சார் வாசல் வடிகாலில் கம்பி இறக்கி, மாடிப்படியில் ஒரு மின்சங்கைப் பொருத்தினார். தண்ணீர் குறித்த மட்டத்தைத் தொட்டதும் உள்ளே இருக்கும் ஆப் ஆம்ப் அதை ஊத வைக்கும்.

அது ஊதியது ஒரு வறண்ட பிற்பகலில்.

ஊதியது என்பதுகூடத் தவறு. அறுபட்டு அறுபட்டு விம்மியது. படியில் யாரேனும் ஏறினால் விம்மல் தடித்தது, நகர்ந்தால் மெலிந்தது. நான் கையை நீட்டினேன். என் விரல்களை அடையாளம் கண்டதுபோல் அது குரலை உயர்த்தியது. தெருநாய்கள் வாசலோடு நின்றுவிட்டன. வீடு பார்க்க வந்த ஒரு குடும்பம் செருப்பைக்கூட மாட்டாமல் வெளியேறியது.

அடுக்கக உரிமையாளர் சங்கச் செயலாளர் கூட்டம் கூட்டினார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் ஆப் ஆம்ப் சார். "பெருச்சாளி கம்பியக் கடிச்சிடுச்சு. ஒரு காது அந்தரத்துல தொங்குது. இணைப்பு இல்லன்னா அது சும்மா இருக்காது. பக்கத்துல என்ன இருக்கோ அதைக் கேக்கும்."

"படியில என்ன இருக்கு?"

"நாமதான். சுவத்துக்குள்ள ஓடுற கரண்டு நம்ம எல்லார் உடம்புலயும் எப்பவும் முனகிக்கிட்டே இருக்கு. நமக்குக் கேக்கல. அதுக்குக் கேக்குது."

கூட்டத்தில் ஒருவர் தம் முழங்கையை மெதுவாகக் காதருகே கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்.

"பேய்னா ஒரு எலுமிச்சம்பழத்தோட போயிடும்" என்று வெடித்தார் செயலாளர். "நீங்க சொல்றதப் பாத்தா நாங்கதான் பேய்ங்கற மாதிரி இல்ல இருக்கு! கழட்டுங்க அத."

"வேற கம்பி போட்டா சரியாயிடும் சார்" என்று கெஞ்சினார் மும்தாஜ் அக்கா. "தண்ணி வாசப்படிக்கு வந்தப்புறம் அம்மாவத் தூக்க நா யாரத் தேடி ஓடுவேன்?"

வாடகைக்குக் குடியிருப்போருக்கு அங்கே வாக்கு கிடையாது. அக்காவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. மாடியில் எண்ணப்படும் வாக்குகள் தரைத்தளத்தின் உயரத்தை அளப்பதில்லை என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன். சங்கு இறங்கியது.

அவ்வாண்டு மழைக்காலத்தில் ஓர் இரவெல்லாம் மழை விடாமல் பெய்தது. விடியுமுன் மின்சாரம் இல்லை, தவளைகள்கூட ஓய்ந்திருந்தன. கைப்பேசி வெளிச்சத்தில் படியிறங்கிய நான் அப்படியே உறைந்தேன். வாசல் வடிகாலருகே ஓர் உருவம் குடையின்றி, அசைவின்றி, குனிந்த தலையோடு நின்றது. மழை அதன்மேல் பெய்ததா, அதன் ஊடாகப் பெய்ததா என்று தெரியவில்லை.

"யாரு?" என்றேன். நெருங்கிப் பார்த்தேன். ஆப் ஆம்ப் சார்! கண்கள் இமைக்காமல் தண்ணீரில் நட்டிருந்த ஒரு துடைப்பக் குச்சியை வெறித்தன. அதில் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தது. தண்ணீர் நூலுக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

"சார், உள்ள வாங்க" என்று தோளைத் தொட்டேன். நான் தொட்டதே அவருக்குத் தெரியவில்லை.

நீர் நூலைத் தொட்டது.

"தண்ணீஈஈ!"

அந்தக் குரலுக்குக் கட்டடமே எழுந்தது. செயலாளர் அரைத்தூக்கத்தில் ஓடிவந்து, யாரும் கேட்காமலே அக்காவின் அம்மா படுத்திருந்த கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். நால்வருமாகப் பாட்டியைக் கட்டிலோடு தூக்கிச் சார் வீட்டுக் கூடத்தில் இறக்கினோம். கீழே திரும்பியபோது பாட்டி படுத்திருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

"எப்ப சார் வந்து நின்னீங்க?" என்று மும்தாஜ் அக்கா துண்டை நீட்டினார்.

"மழை ஆரம்பிச்சப்பவே" என்றார் சார், குரலே எழாமல்.

சங்கை மறுபடி மாட்டச் சொல்லிச் சங்கமே தீர்மானம் போட்டது. அவரும் மாட்டினார். ஆனால் மழை இரவுகளில் கதவு திறக்கும் ஓசையும் செருப்புச் சத்தம் வடிகால் பக்கம் போவதும் இப்போதும் கேட்கின்றன. பிறகு ஒன்றுமே கேட்பதில்லை. ஒன்றும் கேட்காதவரை அவர் நின்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். நான் திரும்பிப் படுத்து உறங்கிவிடுகிறேன்.