உறுமல் கேடயம்

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று பல் டாக்டர் தீர்மானித்தார். முகம் கழுவும்போது ஒரு முறை தீர்மானித்தார். சட்டை மாட்டும்போது இன்னொரு முறை. சாப்பாட்டு மேஜைக்கு வந்து மனைவியின் முகத்தைப் பார்த்ததும், நாளைக்குச் சொல்லலாம் என்று தீர்மானித்தார். தீர்மானம் எடுப்பதில் அவரை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

ஊரையே வாயைத் திறக்க வைக்கிறவர் அவர். வீட்டில் அவருடைய வாய் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. மணி அடித்ததும் ஆசிரியையைப் பள்ளியிலேயே விட்டுவிட்டுத் தலைமையை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவார். அதனால் டாக்டர் மனசுக்குள் அவரை அம்மையார் என்றுதான் சொல்வது. நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

சொல்ல வேண்டியது சின்ன விஷயம். காருக்குப் புது சைலன்சர் வாங்க வேண்டும். மற்றவர்கள் சத்தத்தைக் குறைக்க சைலன்சர் வாங்குவார்கள். டாக்டருக்கு வேண்டியது சத்தத்தைக் கூட்டுகிற சைலன்சர்.

காரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் போனால் டாக்டர் நம்மை மன்னிக்க மாட்டார். சிவப்பு. இரண்டே கதவு. ரேஸ் மைதானத்துக்கென்றே பிறந்த எஞ்சின். கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறைத் தொடும் என்று அதைச் செய்தவர்கள் சொன்னார்கள். டாக்டர் வீட்டுத் தெருவில் அது பத்தைத் தொட்டதே சந்தேகம். வண்டி அவ்வளவு தாழ்வு. ஒவ்வொரு வேகத்தடையிலும் குறுக்காக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக, கைக்குழந்தையைப் படியிறக்குவது போல இறக்க வேண்டும். அதற்குள் சைக்கிள்காரர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே தினமும் சாயங்காலம் முதலில் சத்தம் வீட்டுக்கு வரும். டாக்டர் சாவகாசமாகப் பின்னால் வருவார்.

அந்தச் சத்தத்துக்குத் தெருவில் ஒரு தனி மரியாதை இருந்தது. அதை டாக்டர் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். பிள்ளைகள் தலைதெறிக்க ஓடுவார்கள். எதிர் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி, முழங்கால் வலியையும் மறந்து விறுவிறுவென்று சாலையைக் கடந்து தன் வாசலில் போய் நிற்பார். ஒருவர்கூட இதுவரை சத்தம் அதிகம் என்று புகார் சொன்னதில்லை. "என் வண்டி வந்தா தெருவே எழுந்து நிக்குது," என்று டாக்டர் சொன்னால் அம்மையார் மறுக்க மாட்டார். எல்லாரும் அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்பார்.

டாக்டருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வீட்டில் சர்க்கரைக்கு ஊரடங்கு போட்டிருந்தார். காபிக்கு மட்டும் விலக்கு. கேக், சாக்லெட், கிரீம் பிஸ்கெட் எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது. அது மட்டுமா, சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி, மகள் இருவர் வாயிலும் டூத்பேஸ்ட் மணக்கும். கூப்பிட்டுச் சொல்லாமலே இரண்டாம் வேளை பல் தேய்க்கிற குடும்பம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? பல் டாக்டர்கள் மாநாட்டில் இதை ஒரு தடவை மேடையேறியே சொல்லியிருக்கிறார். பலத்த கைதட்டல்.

சரி, சைலன்சருக்கு வருவோம்.

டாக்டர் ஒரு வேகக் கார்க் கழகத்தில் உறுப்பினர். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, வண்டியின் நிறம்தான் பெயர். டாக்டர் அங்கே சிவப்பு. ஆடிட்டர் பச்சை. டயர் கடை முதலாளி கறுப்பு, அவர்தான் தலைவர். ஆண்டு விழாவில் உறுமல் போட்டி நடக்கும். வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாகக் கிளப்புவார்கள். நடுவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பதுபோல தலையை ஆட்டுவார்கள். ஜெயித்தவருக்குக் கேடயம். போன ஆண்டு டாக்டரின் வண்டியைக் கேட்டுவிட்டுத் தலைவர் கண்ணைத் திறந்தார்.

"சிவப்பு சார், உங்க வண்டிக்கு பல் வலியா? முனகுதே."

கழகமே சிரித்தது. பல்லைக் கடிக்காதீர்கள், தேய்ந்துவிடும் என்று நோயாளிகளுக்குச் சொல்கிறவர், அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அடுத்த கேடயம் தன் கையில் என்று அப்போதே சபதம். ஆனால் புது சைலன்சருக்கு அம்மையாரின் அனுமதி வேண்டுமே. அவர் முடியாது என்றுவிட்டால் சபதமும் முனகலோடு போய்விடும்.

வழி சொன்னவர் பச்சை, அதாவது ஆடிட்டர். கணக்கில் மட்டுமல்ல, குடும்பத்திலும் தலைகீழாகப் போட்டுப் பார்ப்பவர்.

"உங்க வீட்டுல நீங்க என்ன சொன்னாலும் அதுக்கு நேர்மாறாத்தானே சொல்வாங்க?"

"இதுவரைக்கும் தவறினதில்ல."

"அப்ப நேர்மாறாவே கேளுங்க. வண்டியை வித்துட்டு பேட்டரி கார் வாங்கப் போறேன்னு சொல்லுங்க. வேண்டாம்னுவாங்க. அந்தச் சூட்டோட சைலன்சரை நுழைச்சிடுங்க."

டாக்டருக்கு வாயெல்லாம் பல். மறுநாள் சாப்பாட்டு மேஜையில், பெருமூச்சுக்குக்கூட ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"யோசிச்சுப் பாத்தேன்மா. வயசாகுது, இனிமே இந்தச் சத்தமெல்லாம் எதுக்கு. வண்டியை வித்துட்டு பேட்டரி கார் ஒண்ணு எடுத்துடலாம்னு இருக்கேன். துளி சத்தம் வராதாம். வாசல்ல வந்து நின்னாக்கூட உனக்குத் தெரியாது."

அம்மையார் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது.

"வாசல்ல வந்து நின்னாக்கூடவா?"

"கதவைத் திறந்து உள்ள வந்தாத்தான் தெரியும்."

மகள் புரையேறி இருமினாள். அம்மையாரின் முகம் வெளுத்துப்போனது. பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர்கள் திடீரென்று வந்து இறங்கினபோதுகூட அந்த முகம் இப்படி ஆனதில்லை. டாக்டருக்கே பாவமாக இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்," என்றார் அம்மையார்.

"தெருவுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு..."

"தெருவுல யாராவது வந்து உங்களைக் கேட்டாங்களா? உங்களுக்குன்னு இருக்கிற ஆசை அது ஒண்ணு. அதையும் வித்துட்டு மூலையில உக்காரப் போறீங்களா? நான் விட மாட்டேன்."

இதுதான் சமயம் என்று டாக்டர் சைலன்சரை நுழைத்தார். பழைய சைலன்சர் தளர்ந்துவிட்டது, சத்தம் முன்பு மாதிரி இல்லை, அதனால்தான் மனசு விட்டுப்போனது என்றார்.

"நானும் கவனிச்சேன். முன்னெல்லாம் நீங்க பாலம் ஏறும்போதே கேக்கும். இப்ப மார்க்கெட் திரும்பினப்புறம்தான் கேக்குது. பக்குனு இருக்கு. நாளைக்கே மாத்திடுங்க. நல்லா கேக்குற மாதிரி பாத்து வாங்குங்க."

டாக்டர் கண் கலங்கிவிட்டார். இத்தனை வருஷமாகத் தன் வண்டியின் ஓசையை இவள் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாளே. மார்க்கெட் வரை தெரிகிறது, பாலம் வரை தெரிகிறது. எந்தக் கழகத்தில் எந்த மனைவிக்கு இந்தக் காது இருக்கிறது? அன்று முழுவதும் நோயாளிகளுக்கு வலிக்காமல் பல் பிடுங்கினார்.

புது சைலன்சர் வந்தது. முதல் நாள் அதைக் கிளப்பியபோது எதிர் வீட்டு நீதிபதியின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நீதிபதி வெளியே வந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, மிகவும் நல்ல காரியம் செய்தீர்கள் என்று பாராட்டினார்.

ஆடிட்டர் கதைதான் வேறு மாதிரி ஆயிற்று. டாக்டருக்குப் பலித்த யோசனையைத் தன் வீட்டிலும் நம்பி இறக்கினார். பச்சையை விற்றுவிட்டு பேட்டரி கார் வாங்கப்போவதாகச் சொன்னார். அவர் மனைவி, நல்லது, எப்போது போகலாம் என்று கேட்டுவிட்டார். ஆண்டு விழாவுக்கு ஆடிட்டர் வந்தது யாருக்கும் தெரியவில்லை. வண்டி சத்தமே போடாமல் வந்து ஒரு ஓரமாக நின்றது. அதுவும் வெள்ளை. பழக்கத்தில் எல்லாரும் பச்சை என்றே கூப்பிட்டார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

போட்டியில் சிவப்பு உறுமியது. அந்த உறுமலை எழுதிக் காட்ட முடியாது. மரத்திலிருந்த பறவைகள் ஒட்டுமொத்தமாகக் கிளம்பின. தலைவர் கண்ணைத் திறக்கவேயில்லை, கண்ணோரத்தில் ஈரம் மட்டும் தெரிந்தது. "இதுக்கு ஒரு பல்லும் ஆடலை சார்," என்றார் கடைசியில். டாக்டர் கேடயத்தை வாங்கியபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கேக் ஒன்றை வெட்டி முதல் துண்டை அவர் வாயில் திணித்தார்கள். ஊரடங்கு வீட்டுக்குத்தானே, கழகத்துக்கு இல்லையே என்று அவரும் மென்றார்.

ஜெயித்த வண்டி ஒரு வாரம் தலைவரின் டயர் கடையில், கண்ணாடி முகப்புக்குள் நிற்க வேண்டும் என்பது கழகத்து வழக்கம். டாக்டர் பெருமையோடு சாவியைக் கொடுத்தார். வீடு திரும்ப ஆடிட்டரின் பேட்டரி காரில் ஏறிக்கொண்டார்.

பாலம் ஏறியது தெரியவில்லை. மார்க்கெட் திரும்பியது தெரியவில்லை. வேகத்தடைகள் இருந்த சுவடே இல்லை. வாசலில் இறங்கிய டாக்டர், அம்மையாரைத் திகைக்க வைக்க வேண்டும் என்று கேடயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து உள்ளே போனார்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருந்தது. நடுவில் மூன்று அடுக்கு சாக்லெட் கேக். அம்மையார் கையில் கத்தி. மகளின் இரு கன்னமும் உப்பியிருந்தன. அடுத்த வீட்டு அக்கா, அவர் பிள்ளைகள், அம்மையாரின் பள்ளியிலிருந்து இரண்டு கணக்கு ஆசிரியைகள். தெருப்பக்கத்து ஜன்னல் மட்டும் வண்டிச் சத்தம் கேட்க வசதியாகத் திறந்திருந்தது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நீதிபதி தட்டை நீட்டினார்.

"இன்னொரு துண்டு வைங்கம்மா. டாக்டர் இன்னும் பாலமே ஏறலை."

டாக்டர் கனைத்தார்.

எல்லா வாயும் ஒரே சமயத்தில் நின்றது. நீதிபதியின் பல்செட் மட்டும் வேகத்தில் இன்னும் இரண்டு முறை மென்றுவிட்டு நின்றது. அது டாக்டரே அளவெடுத்துக் கட்டிக்கொடுத்த பல்செட். பல்செட்டே கட்சி மாறின பிறகு யாரை நம்புவது?

"வர்றதுக்கு முன்னாடி ஒரு சத்தம் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டார் அம்மையார்.

"சத்தத்துக்குத்தான் கேடயமே கொடுத்திருக்காங்க. இது எத்தனை நாளா நடக்குது?"

"நீங்க வண்டி வாங்கின நாள்லேருந்து. அதுக்கு முன்னாடி முடியுமா? சைக்கிள்ல வருவீங்க, கேக்கவே கேக்காது."

தெருப் பிள்ளைகளின் ஓட்டமும் நீதிபதியின் விறுவிறுப்பும் சாயங்கால டூத்பேஸ்ட் வாசனையும் டாக்டரின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. மாநாட்டுக் கைதட்டலும் கடைசியில் வந்து நின்றது. நாள் முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனையில் இருக்கிற மூக்கு, கேக் வாசனை பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தாகிவிட்டது. பிடித்தவர் பேசாமல் இருக்கலாமா? ஒரு பல் டாக்டர் வீட்டில், அதுவும் ஒரு தலைமை ஆசிரியையே முன்னின்று இப்படி, என்று கம்பீரமாக ஆரம்பித்தார்.

அம்மையார் கிட்டே வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மீசையில என்னங்க, கிரீமா?"

டாக்டரின் கை மீசைக்குப் போனது. அத்தோடு வழக்கு முடிந்தது என்பதுபோல நீதிபதி மறுபடி மெல்லத் தொடங்கினார்.

அம்மையார் கேடயத்தைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது நடிப்பில்லை, நிஜமான சந்தோஷம். "நம்ம வண்டிதான் ஜெயிக்கும்னு எனக்குத் தெரியும். ஊர்ல எந்த வண்டிக்கு அந்தச் சத்தம் வரும்?" என்றார். அடுத்த வீட்டு அக்கா, எங்கள் தெரு வண்டியாயிற்றே என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று டாக்டருக்கு ஒரு நிமிஷம் குழம்பியது. பிறகு, வழக்கம்போல, பெருமைப்படத் தீர்மானித்தார். கேடயம் பளபளவென்று மேஜை நடுவே போயிற்று, அதன்மேல் மிச்சக் கேக் ஏறியது.

"வண்டி எப்ப வரும்?" என்று கேட்டார் அம்மையார்.

"ஒரு வாரம் ஆகும்."

மேஜையைச் சுற்றிக் கவலை படர்ந்தது. எல்லாரும் அம்மையாரையே பார்த்தார்கள். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"பரவாயில்லை. இப்ப ஒரு கனைப்பு கனைச்சீங்களே, நல்லா கணீர்னு இருந்தது. அதையே தெருமுனையில நின்னு கொஞ்சம் பலமா கனைச்சுட்டு வாங்க."

மறுநாள் சாயங்காலம் டாக்டர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். தெருமுனையில் நின்று, உறுமல் போட்டியில் கேடயம் வாங்கியவர் எப்படிக் கனைக்க வேண்டுமோ அப்படிக் கனைத்தார். தெரு முழுக்க எதிரொலித்தது. அந்தத் தொண்டைக்கு எந்த சைலன்சரும் தேவையில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓர் அடி எடுத்து வைத்தபோது சட்டைப்பையில் போன் அடித்தது.

"கேட்டுச்சுங்க, பிரமாதமா கேட்டுச்சு," என்றார் அம்மையார், வாய் நிறைய. "இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. ஒரு சுத்து சுத்திட்டு வந்து திரும்ப ஒரு தடவை கனைங்க."