முறியாத நான்காவது குடை

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே நான் நலமில்லை. நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி, அதையும் கொஞ்சம் கெடுக்கவே இதை எழுதுகிறேன்.

இந்தக் கம்பெனியை விட்டுப் போகும்போது, லிஃப்ட் கதவை இயக்கும் உங்கள் புரோகிராமை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்களே, அது இன்று என் வேலைக்கே உலை வைக்கப் பார்க்கிறது. குறுக்கே ஆள் இருந்தால் கதவு திரும்பித் திறக்க வேண்டும். திறக்கவில்லை. ஆளுக்குப் பதில் குடையை நீட்டிச் சோதிக்கிறோம். காலையிலிருந்து மூன்று குடைகள் முறிந்தன, மூன்றாவது மேலாளருடையது. நான்கு மணிக்கு வரும் ஆய்வாளர் கையை நீட்டித்தான் பார்ப்பாராம்.

கதவு திரும்ப வேண்டிய வரியில் புரோகிராமை நிறுத்திப் பார்க்க பிரேக்பாயிண்ட் வைத்தேன். அதைக் காட்டும் சிவப்புப் புள்ளி வைத்தவுடன் வெளிறிப்போனது, புரோகிராம் பாட்டுக்கு ஓடியது. ஐந்து இடங்களில் வைத்துப் பார்த்தேன், நான்குக்கு மேல் முடியாது என்று, புரோகிராமை ஓட்டும் சிப் கைவிரித்தது. ஓரிடத்தில் நின்றது. நின்றதும், தான் மயங்கிவிட்டதாக நினைத்து, சிப் இருக்கும் போர்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. எந்த வரி சிப்புக்குள் எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிம்பல் ஃபைலைத் திறந்தால், கதவு திரும்பும் பகுதியின் பெயரே அதில் இல்லை. திரையில் இருப்பது சிப்பில் இல்லை. மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "என்னப்பா, கெடச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பயத்தில், "எங்க அத்தான்தான் ஏதோ சொதப்பி வச்சிருக்காரு சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் உங்களுக்குப் போன் போட்டதும், நீங்கள் லீவு சொல்லிவிட்டு இங்கே கிளம்பியதும் அக்கா சொல்லித்தான் தெரியும். பழி போட்டவனுக்காக ஏன் அத்தான் கிளம்பினீர்கள்? முகத்தைப் பார்த்துக் கேட்கத் தைரியமில்லை, அதனால் எழுதி வாசலில் உங்கள் கையில் கொடுக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் இந்தத் தொழில் பக்கம் வராமல் நீடூழி வாழட்டும்.

உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: இப்போதுதான் மெக்கானிக் அண்ணன் வந்து, "கதவு சும்மா சும்மா தெறக்குதுன்னு போன வாரம் ஒரு வரிய எடுத்தியே, திரும்பப் போட்டியா?" என்று கேட்டார். போடவில்லை. கதவு திரும்பும் பகுதியைக் கூப்பிடுவதே அந்த வரிதான்; கூப்பிட ஆளில்லாத பகுதியை, புரோகிராமைச் சிப்புக்கு மாற்றித் தரும் கம்பைலர் மொத்தமாகத் தூக்கிப் போட்டிருக்கிறது. வரியைப் போட்டாயிற்று. நான்காவது குடை முழுசாக வந்தது. தப்பு என்னுடையது என்று மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை, நீங்கள் வந்ததும் உங்களுக்குப் பின்னால் நின்று சொல்கிறேன். ஆய்வாளர் முன்னால் நீங்கள்தான் கையை நீட்டிக் காட்ட வேண்டும் என்று மேலாளர் முடிவு செய்துவிட்டார். தைரியமாக நீட்டுங்கள் அத்தான். அந்த வரி நீங்கள் எழுதியது. திரும்பப் போட்டது மட்டும்தான் நான்.