சூடாகாத கம்ப்யூட்டர் எதற்கு?

அந்தமானின் டாலிகஞ்சில் கம்ப்யூட்டரை உருப்படியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர் எங்கள் மானிட்டர் அண்ணன் ஒருவர்தான். அதில் ஓர் எழுத்தைக்கூட அவர் தட்டியதில்லை.

போர்ட் பிளேரில் மழை பிடித்தால் லேசில் விடாது. உப்பு கூழாகும், தீப்பெட்டி நமுத்துப்போகும், பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சை பூக்கும். நாங்களெல்லாம் ஈரம் காயப் பீரோவுக்குள் குண்டு பல்பு எரியவிட்டோம். எலக்ட்ரீஷியனான அண்ணன், ஊரார் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து ஓடவிட்டார். மெயின்லேண்டிலிருந்து கப்பலேறி வந்த சாமானை யார் திருப்பி அனுப்புவது? எல்லாம் அவர் வீட்டில்தான் கரையொதுங்கின.

குண்டு மானிட்டர் தலையில் இட்லி மாவு பொங்கும். சிபியூ வயிற்றுக்குள் அப்பளமும் ரேஷன் கார்டும் இருக்கும். சூடாகாத கீபோர்டை மட்டும் வாசலில் கால்மிதியாகப் போட்டிருந்தார். ஆள் வந்தால் கடகடவென்று சத்தம் கேட்கும்.

ஒருமுறை என் புது லேப்டாப்பைப் பெருமையாகக் காட்டினேன். அதன் முதுகைத் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கரமே ஆகலையே தம்பி, சூடே இல்லையே! எவனோ ஏமாத்திட்டான். வாபஸ் குடுத்துரு."

விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு என் கல்யாணத்துக்கு முதல் நாள் அடங்கியது. கப்பலில் வந்த கூறைப் புடவை, துறைமுக ஜெட்டியிலிருந்து ஆட்டோவில் வீடு வருவதற்குள் அட்டைப்பெட்டியோடு தொப்பலாக நனைந்துவிட்டது. விடிந்தால் முகூர்த்தம். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஈரப் புடவையையா அந்தப் பொண்ணுகிட்ட குடுப்பேன்?"

அண்ணன் வந்து பார்த்தார். "ஃபிக்கர் மத் கரோ அக்கா, கவலையே வேண்டாம். இஸ்திரி போட்டா ஜரிகை கருகிரும். நம்ம வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க."

இருந்த கம்ப்யூட்டர் அத்தனையையும் போட்டுவிட்டு, நடுவில் கொடி கட்டிப் புடவையை விரித்தார். வோல்டேஜ் இறங்கியது. எல்லாம் முனகி முனகி அணைந்தன. அண்ணன் மழையோடு தெருவில் இறங்கினார்.

"அரே, சப் பந்த் கரோ! டிவி, ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் அணைங்க! தம்பி கல்யாணப் புடவை காயுது!"

பெங்காலி வீடு, மலையாளி வீடு, தெலுங்கு வீடு என்று ஒவ்வொன்றாக அணைந்தது. சீரியல்கூடப் பாதியில் நின்றது. கம்ப்யூட்டர்கள் மறுபடி உறுமின. அண்ணன் புடவையைக் கன்னத்தில் ஒற்றி ஒற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் மடித்து அம்மா கையில் கொடுத்தார்.

"தொட்டுப் பாருங்க அக்கா. நல்லா கரமா இருக்கு."

மறுநாள் மணவறையில் என் மனைவி என்னிடம் பேசிய முதல் பேச்சு: "புடவையில ஏன் இட்லி மாவு வாசம் அடிக்குது?"

இப்போது எங்கள் வீட்டில் துணி உலர்த்தும் மெஷினே இருக்கிறது. ஆனாலும் மழை பிடித்ததும், அவள் அந்தப் புடவையை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். நானும் பின்னாலேயே போவேன். கீபோர்டை மிதித்ததும் உள்ளேயிருந்து "யாரு, தம்பியா?" என்று ஒரு குரல் வரும். அதைக் கேட்கத்தான்.