என் பாட்டுக்கு வேறொருத்தி முகம்

நங்கூரம் போட்ட கப்பலை ஒரு சத்தத்தாலேயே கிளப்பிவிடக்கூடிய ஆள் தூத்துக்குடியில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் பிளேட்டு அண்ணாச்சி. துறைமுக ரோட்டில் அவர் குரல் கேட்டால் உப்பு மூட்டை சுமப்பவர்கள் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, "இன்னைக்கு யாருக்குலே பூசை?" என்று கேட்பார்கள்.

உலகச் சண்டை முடிந்த சமயம். அவருக்குக் கிராமபோன் பிளேட்டுக் கடை. பிளேட்டைத் துடைத்து உறையில் போட்டு அடுக்குவது என் வேலை. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. உறையில் பாடினவர் படம் இருக்கும், முகம் பார்த்து அடுக்குவேன். மீசைக்காரர் ஒரு பக்கம், மூக்குத்திக்காரி ஒரு பக்கம்.

உறை மாறினால் அண்ணாச்சிக்குப் பொறுக்காது. ஒரு கல்யாணத்துக்குப் போன பிளேட்டு உறை மாறிப் போய்விட்டது. சைக்கிளை மிதித்து, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டை வரை போய், மணவறையில் ஏறிவிட்டார். "ஏலே மாப்ளே, ஒன் பக்கத்துல வேற பொண்ணை உக்காத்தினா சும்மா இருப்பியா? அந்த உறையைக் குடுல!" அடி விழாமல் திரும்பியது எப்படியோ!

எந்தப் பாட்டு எத்தனை போயிற்று என்று மாசாமாசம் மெட்ராஸ் கம்பெனிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். இவர் கணக்கோடு ஏச்சும் அனுப்புவார். "இந்த ஊளை எல்லாம் வித்துப்போச்சு. வாங்கினவனுக்குக் காது கிடையாது. இனி அனுப்பாதீர்." கம்பெனி அதையே இரண்டு மடங்காக அனுப்பும்.

இதை விசாரிக்க வந்த கம்பெனிக்காரர், நான் துடைத்துக்கொண்டே பாடின தாலாட்டைக் கேட்டார். நானே கட்டினது. என்னையும் துணைக்கு என் வீட்டுக்காரரையும் மெட்ராஸுக்குக் கூட்டிப்போய், என்னைப் பாட வைத்தார். "இது நல்லா போனா இன்னொண்ணு எடுப்போம்" என்றார்.

பிறகு ஒரு நாள் புதுப்பெட்டி வந்தது. உறையில் ரோசாப்பூ பிடித்த ஒரு வெள்ளைத்தோல்காரி. தெரியாத முகம் என்று தனியாக அடுக்கினேன். அண்ணாச்சி ஒன்றை எடுத்துச் சுழலவிட்டார். என் குரல்! அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏளா, இது யாரு?"

"தெரியலையே அண்ணாச்சி."

"உள்ள பாடுதது நீ! ஒன் பாட்டை ஒனக்கே தெரியாம ஆக்கிட்டானுவளே!"

எங்கள் கருத்த முகம் விலைபோகாது என்று நினைத்திருக்கிறார்கள். அண்ணாச்சி அத்தனையையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்க விக்கலன்னா கணக்குல முட்டைதான் போவும். அப்புறம் எவன் என்னைப் பாடக் கூப்பிடுவான்?"

"எவ மூஞ்சியையோ ஒட்டி ஒன் தொண்டையை விக்கச் சொல்லுதியா? வெக்கமா இல்ல?"

"வெக்கப்பட வேண்டியது கம்பெனிக்காரன். என்னைய ஏன் ஏசுதிய?"

மறுநாள் பிளேட்டுத் துடைத்த கையோடு என்னைப் போட்டோ ஸ்டுடியோவுக்கு இழுத்துப் போனார். தலைகூடச் சீவவில்லை. "சிரிங்கம்மா" என்றார் படம் எடுப்பவர். "சிரிக்க வேண்டாம்யா, எடும்!" என்றார் அண்ணாச்சி. நான் முறைத்தபடி நின்றேன். அந்தப் படத்தை அச்சாபீசில் அடித்து, பசை காய்ச்சி, ஒவ்வொரு உறையிலும் வெள்ளைத்தோல்காரி மேலேயே அவரே ஒட்டினார்.

உள்ளே தாலாட்டு, வெளியே அடிக்க வருகிற முகம். "இந்தம்மா தூங்க வைப்பாவளா, அடிச்சுப் படுக்க வைப்பாவளா?" என்று கேட்டுக் கேட்டே வாங்கினார்கள். திரேஸ்புரத்திலிருந்து ஆலந்தலை வரை போய் ஒன்று மிச்சமில்லை.

அண்ணாச்சி கணக்கோடு உறை ஒன்றையும் கம்பெனிக்கு அனுப்பினார். "பாடினவள் இவள்தான். இந்த முகம்தான் விற்றது." பதில் வந்தது: கம்பெனி படம்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏஜென்சி கிடையாது. கிழித்துச் சாக்கடையில் போட்டார். கடை போயிற்று. என் இரண்டாவது பாட்டும் போயிற்று.

"ஒரு மூஞ்சிக்காவ கடையையே விட்டுட்டியளே!" என்று கத்தினேன்.

"கடை கெடக்கு. உறை மாறக் கூடாதுளா."

அதே இடத்தில் பிறகு நல்லெண்ணெய் விற்றார், லேபிளைக் கோணலாக ஒட்டினவனை ஏசிக்கொண்டு.

கம்பெனிமேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். பிளேட்டு உடைந்துவிட்டது, உறை மட்டும் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "யாரை இப்படி முறைக்கிய?" என்று கேட்கிறார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற அண்ணாச்சியைத்தான். அந்த உறையை எடுக்கும்போதெல்லாம் அவர் அங்கனயேதான் நிற்கிறார்.