மேலே திறக்கும் கதவும் தெக்லாவின் கல்யாணமும்

அன்புள்ள ஓட்டிலி அக்காவுக்கு,

எஸ்லிங்கனிலிருந்து தம்பி அல்பான். முழங்கால் இரண்டையும் தவிர மற்ற எல்லா உறுப்பும் இங்கே நலம். அங்கே நீயும் கெப்ஹார்ட் அத்தானும் கோழிகளும் முழு நலமாக இருக்க வேண்டும். வரும் சனிக்கிழமை உன் மகள் தெக்லாவை என் காரில் தேவாலயத்துக்கு அழைத்து வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா? கார் வந்து நிற்பதற்கென்று அத்தான் தேவாலய வாசலில் பூ வளைவுகூடக் கட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். அக்கா, என்னை மன்னித்துவிடு. என் கார் வராது. நாலு கதவும் பக்கவாட்டில் திறக்கிற, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றுகிற அத்தானின் காரே போதும்.

காரணத்தைப் பொறுமையாகச் சொல்கிறேன். ஓடும்போது என் காருக்கு ஒரு குறையும் இல்லை. மலைச் சாலையில் சிறுத்தை மாதிரி பாயும். நின்ற பிறகுதான் தொல்லை. அந்த வேகத்தைத் தாங்க அதன் எலும்புக்கூட்டைப் பக்கங்களில் உயர்த்திக் கட்டிவிட்டார்கள். கதவைக் கீழ்வரை வெட்ட இடமில்லை. வீட்டுக்கு வாசல் வைக்க மறந்தவன், ஜன்னலைப் பெரிதாக்கி அதன் கதவைக் கூரையில் மாட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் இது. திறந்தால் கடற்பறவை சிறகு விரித்த மாதிரி அழகு. ஆனால் அந்தப் பறவைக்குள் ஏறி இறங்குவது ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார்.

வாங்கும் முன் என் கார் ஷெட்டை நானே அளந்தேன். காரையும் அளந்தேன். கச்சிதமாக நுழைந்தது. எஞ்சினை நிறுத்திக் கதவைத் தள்ளினேன். நாலு விரல் எழும்பிக் கூரையில் முட்டி நின்றது. மூடிய காரைத்தான் அளந்திருக்கிறேன்! "ஒரு பொருளை அளக்கும் முன் அது எந்தப் பக்கம் அசையும் என்று பார்" என்று வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளின் காதைத் திருகியவன் நான். சரி, பின்னால் எடுத்து வெளியே போய் இறங்கலாம் என்று பார்த்தால், அந்த வாரம் முற்றம் கழுவும் முறை கீழ்வீட்டு ஹேகலே அம்மாவுடையது. அப்போதுதான் வாளி வாளியாக வீசித் தேய்த்து முடித்து, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"வாத்தியாரே, சக்கரம் ஒரு விரக்கடை வெளிய வந்துச்சு, அவ்ளோதான். காயட்டும்."

"நான் உள்ள மாட்டிக்கிட்டேம்மா!"

"அதனால என்ன? உள்ள நெழலாத்தானே இருக்கு?"

காயும்வரை உட்கார்ந்திருந்தேன். கழுவிய முற்றத்தில் சக்கரம் ஏற்ற நான் என்ன வெளியூர்க்காரனா? அன்றிலிருந்து வெளியிலேயே இறங்கி, காரைக் கையால் தள்ளித்தான் உள்ளே விடுகிறேன். எஞ்சினுக்கு இருநூறு குதிரைகளின் பலம். தள்ளுவதற்கு ஒரே ஒரு வாத்தியார்.

அப்புறம் ரூக் ரொட்டிக்கடை. மழைத்தண்ணீர் கடையின் துணிப்பந்தலில் தொப்பையாகத் தொங்கியதை நான் கவனிக்கவில்லை. என் கதவு அடியிலிருந்து அதைச் செல்லமாக ஒரு தூக்குத் தூக்கியது. பிரெட்செல் வாங்க வரிசையில் நின்ற அத்தனை பேரும் குளித்தார்கள். "ரொட்டி வாங்க வந்தவங்களை சூப் ஆக்கிட்டீங்களே, வாத்தியாரே" என்றார் ரூக்.

நேற்று கடைசிப் பரிசோதனை. கல்யாணக் கவுனுக்குப் பதிலாக வெள்ளைப் படுக்கை விரிப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு முற்றத்தில் நின்ற காரில் ஏறிப் பார்த்தேன். காலை முதலில் விட்டால் தலை இடிக்கிறது. தலையை முதலில் விட்டால் கால் வெளியே தங்கிவிடுகிறது. விளிம்பில் உட்கார்ந்து சுழன்றேன். நான் உள்ளே போனேன். விரிப்பு கதவில் மாட்டிக் கிழிந்தது. ஹேகலே அம்மாவின் ஜன்னல் திறந்தது.

"மாப்பிள்ளை யாரு, வாத்தியாரே?"

"இது பரிசோதனைம்மா!"

"தெரியுது, தெரியுது. பொண்ணுக்கு மீசைதான் கொஞ்சம் தூக்கல்."

ஆகவே அக்கா, தெக்லாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, எனக்குத் தைரியமில்லை. சிறுமியாக இருந்தபோது இப்படி ஒரு காரின் படத்தைக் காட்டி, "கல்யாணத்துக்கு இதுலதான் போவேன்" என்றவள் அவள். நான் இதை வாங்கியதே அதற்காகத்தான் என்பது உனக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

பிள்ளைக்கு என் ஆசி, அத்தானுக்கு வணக்கம், கோழிகளுக்கு அன்பு.

உன் தம்பி,
அல்பான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தெக்லாவே வந்து நின்றாள். உனக்கு வேலை மிச்சம், நானே உளறிவிட்டேன். "மூட்டை ஏத்துற கார்ல போறதுக்கு நான் என்ன கிழங்கா, மாமா?" என்றாள். முற்றத்தில் நின்ற காரின் கதவைத் தூக்கினாள், செருப்பைக் கழற்றினாள், விளிம்பில் உட்கார்ந்தாள், இரண்டு காலுக்கும் ஒரே சுற்று, உள்ளே! "இவ்ளோதான். நீங்க தள்ள வேணாம், நானே ஷெட்ல விடறேன்" என்று எஞ்சினைக் கிளப்பினாள். "வா, வா, இன்னும் கொஞ்சம்" என்று கை காட்டி அழகாக நிறுத்த வைத்தவன் நான்தான். பின்னால் சளாரென்று வாளிச் சத்தம் கேட்டபோதுதான் அவளும் உள்ளே மாட்டிக்கொண்டது எனக்கு உறைத்தது. இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் வீடு வந்து சேர்ந்திருப்பாள். ஏன் அவ்வளவு நேரம் என்று நச்சரிக்காதே. சனிக்கிழமை நாங்கள் என் காரில்தான் வருகிறோம். முற்றம் காய்ந்ததும் திறந்த கதவின் உயரத்தை அளந்து இந்தத் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். அத்தானின் பூ வளைவு அதைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் உன் மகள் காருக்குள் உட்கார்ந்தபடியே பாதிரியாரிடம் "சம்மதம்" சொல்ல வேண்டியிருக்கும்.