பிள்ளையார் சுழிக்குப் பூச்சியம்

போட்டதையெல்லாம் விழுங்கும் வாயை நம்பக் கூடாது. இதை நான் அறிந்தது அச்சுவேலியில், பெண் பார்க்கப் போன வீட்டில், மடிக்கணினியும் கையுமாக. (வாழைப்பழம் போதும் என்றுதான் அம்மா சொன்னார்.)

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. கணினி மொழியின் ஒரு கட்டளைமேல் காதல். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆள் எதைத் தட்டினாலும் கணக்காக எடுத்து விடை சொல்லிவிடும். எழுதும்போது எனக்கே தெரியாத கேள்விக்கு என் நிரல் பதில் சொல்கிறது! மழைக்கு முந்திய கடலைப் பார்ப்பதுபோல் பார்த்திருப்பேன். அதைக் கொண்டு கல்யாணப் பொருத்தம் கூட்டும் நிரல் செய்தேன். பத்துப் பொருத்தத்துக்கும் புள்ளிகளைத் தட்டினால் போதும்.

பெண்ணின் அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், தமிழ்த் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். "தாரும் தம்பி, நானே அடிக்கிறன்" என்றார். எதை எழுதினாலும் முதலில் போடுவதைப் போட்டார்: உ. அடுத்த வரிக்குப் போக விசையை அழுத்தினார். என் நிரலுக்கோ அது விடை கேட்கும் விசை.

'உ' என்று எதையும் அறியேன் என ஆங்கிலத்தில் சிவப்பாக வந்தது.

"உதென்ன தம்பி, பிள்ளையாரைத் தெரியாதாமோ?"

"ஒரு நிமிசம் ஐயா." உ-வுக்கு ஒரு மதிப்புக் கொடுத்தால் நிரல் அடங்கும். எவ்வளவு? கூட்டல்தானே, பூச்சியம் எதையும் கெடுக்காது. கொடுத்தேன். (அந்த நொடியில் குடாநாட்டில் என்னைவிடப் புத்திசாலி இல்லை.)

அவர் மறுபடி உ போட்டார். அடுத்த வரி.

பெரிய எழுத்தில் வந்தது: மொத்தப் பொருத்தம் 0.

அம்மா தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். என் கல்யாணமும் கூடவே இறங்கியது.

உள்ளேயிருந்து பெண் வந்து திரையை எட்டிப் பார்த்தாள். "உதுக்கு ஏன் பூச்சியம் வைச்சனீங்கள்?"

"கூட்டினால் கணக்கு மாறாது எண்டு..."

"அப்ப பெருக்கினால்?"

பெருக்கினால் எல்லாமே பூச்சியம்! அங்கே ஒன்று அல்லவா வேண்டும்? ஒரே சுழி, கணக்குக்குக் கணக்கு வேறு மதிப்பு. சபையை மறந்து இருவரும் திரைமேல் குனிந்தோம்.

அவள் அப்பா செருமினார். "கணக்கு மாறாமல் இருக்கவோ சுழி போடுறது? மாறத்தான் தம்பி போடுறது!"

பிறகு இரண்டு சாதகக் குறிப்புகளையும் வாங்கி, பென்சிலால் உ போட்டு, தானே கூட்டினார். பத்துக்கு ஏழு.

இன்றைக்கும் மாமா சந்தைக்கு எழுதித் தரும் துண்டின் தலைப்பில் உ இருக்கும். பக்கத்தில், கத்தரிக்காய்க்கும் முன்னால், ஒரு குறிப்பு: 'மருமோன் கவனத்துக்கு: இது பூச்சியம் இல்லை.'